பூங்காவுக்கு உள்ளே மட்டும்

அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். கேட்டது பிள்ளைதான் என்று சொல்லித் தப்பலாம். நீண்ட காலமாக எனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் வந்தேன். ஆனால் நான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளை கேட்பதெல்லாம் சட்டமாகிவிடாது. ஐஸ்பழம் கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அதற்கு மட்டும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

என் தங்கையும் அவள் கணவரும் லண்டனுக்குப் போனது, கொழும்பில் பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்று களைத்துப்போன காலத்துக்குக் கொஞ்சம் பிந்தி. இரண்டு பேருக்கும் முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்திருந்தது. அங்கே ஒற்றை அறை, அதிலும் ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் யாரிடம் விடுவது? "ஆறு மாசம் அக்கா. வீடு ஒண்டு எடுத்தவுடன கூப்பிட்டிடுவம்" என்றாள் தங்கை. எங்கள் ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்திலேயே, தாய் தகப்பன் ஒரு நாட்டிலும் பிள்ளை மாமியோடு இங்கேயுமாக இருந்த வீடு இருந்தது. நானும் சரி என்றேன். ஆறு மாதம் இருபது மாதமானது.

எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். அப்போது மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஏழு. எனக்குப் பெண்பிள்ளை ஆசை இருந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிறந்தநாள் வீடுகளுக்குப் போனால் யார் பிள்ளையாக இருந்தாலும் பிடித்து இருத்தித் தலை பின்னிவிடுவேன். தங்கை தன் மகளின் உடுப்புப் பையை எங்கள் அறையில் வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதபோது, நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அலுமாரியில் எந்தத் தட்டைச் சின்னவளுக்கு ஒதுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அழுகை முடியும் முன்பே தட்டு முடிவாகிவிட்டது. இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வீடு கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. பல்கனியில் இரண்டு கதிரை போட்டால் மூன்றாவது ஆள் உள்ளே வரவேண்டும். கடல் கூப்பிடு தூரத்தில்தான், ஆனால் இடையில் ரயில் பாதை. மூன்று பிள்ளைகளை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளம் தாண்ட எனக்குத் துணிவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், என் கணவர் தன் வாரத்து நித்திரையைக் கொள்ளும் நேரத்தில், ஓட்டோ பிடித்து விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போவோம். ஓட்டோ பாமன்கடையால் சுற்றி ஹெவ்லொக் டவுன் வழியே போகும். வழி முழுக்க யார் ஓரத்தில் இருப்பது என்று சண்டை. பிள்ளைகளுக்கு அது வெறும் 'பார்க்'.

இரண்டாவதோ மூன்றாவதோ ஞாயிறு. ஊஞ்சலுக்கு வரிசை. நான் சற்றுத் தள்ளி மர வாங்கில் உட்கார்ந்து இளையவனின் சப்பாத்து நாடாவை முடிந்துகொண்டிருந்தேன். சின்னவளின் முறை வந்தபோது, வரிசையில் தன் பிள்ளையோடு நின்ற ஒரு முஸ்லிம் பெண் குனிந்து, "ஒங்கட உம்மா எங்க மகள்? எறங்கக்குள்ள புடிக்க ஆள் வேணுமே" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். சின்னவள் வாங்குகளில் இருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு ஊஞ்சலை விட்டுவிட்டுப் போய், ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கு நடுவே குந்திக்கொண்டாள். அதற்குப் பிறகு கடலையும் வேண்டாம், அச்சாறும் வேண்டாம், சறுக்குமரமும் வேண்டாம்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் என் மடியில் இருந்தபடி கேட்டாள். "பெரியம்மா, பார்க்கில மட்டும் நான் உங்களை அம்மா எண்டு கூப்பிடட்டா?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். நான் அவளை இறுக்கி அணைத்தேன். பரிதாபம் என்று அப்போது நினைத்தேன். பாதி பரிதாபம்தான். மீதிப் பாதி சந்தோசம்.

"சரி" என்றேன். "ஆனா கேற்றுக்கு உள்ளுக்கு மட்டும். வெளியால வந்தா பெரியம்மா."

அவள் தலையாட்டினாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. ஹெவ்லொக் டவுன் சிக்னலில் ஓட்டோ நின்றபோது, நான் மூன்று பேருக்கும் பொதுவாக இன்னொன்றும் சொன்னேன். "லண்டனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, என்ன? அவ கவலைப்படுவா. பெடியள், நீங்களும்தான். சித்தியிட்ட மூச்சு விடக்கூடாது."

மூத்தவன் தோளைக் குலுக்கினான். இளையவனுக்குச் சட்டம் என்றால் உயிர். அடுத்த ஞாயிறிலிருந்து அவனே காவல்காரன். பூங்கா வாசலில் கால் வைத்ததும், "உள்ளுக்கு வந்திட்டம்" என்பான். சின்னவள் உடனே "அம்மா" என்பாள். பிறகு என்ன, இரண்டு மணி நேரத்துக்கு அந்தச் சொல்தான். அம்மா இஞ்ச பாருங்கோ. அம்மா தள்ளிவிடுங்கோ. அம்மா, அந்த வௌவால் ஏன் தலைகீழாத் தூங்குது? ஒன்றும் கேட்பதற்கு இல்லாவிட்டால் சும்மாவும் கூப்பிடுவாள். நான் "என்ன?" என்றால், "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். வெளியே வரும்போது இளையவன் "கேற் தாண்டிட்டம்" என்பான். பாதிச் சொல்லில் இருந்தாலும் அவள் வாயை மூடிவிடுவாள். ஒரு நாளும் பிழைவிட்டதில்லை. கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டேன். நான்கு வயதுப் பிள்ளை இப்படிப் பிழைவிடாமல் இருப்பது பெருமைப்படுகிற விசயமா என்று யோசிக்கவில்லை.

பூங்காவில் எனக்கும் ஒரு தனிச் சீவியம் உண்டாகிவிட்டது. அங்கே வழக்கமாக வரும் தாய்மாருக்கு நான் மூன்று பிள்ளைகளின் தாய். ஒவ்வொரு ஞாயிறும் வேகநடை போகும் சிங்களப் பெண்மணி ஒருவர், மூன்றாவது சுற்றில் எங்கள் வாங்கருகே நின்று மூச்சு வாங்குவார். ஒரு நாள் சின்னவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகள் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார். உண்மையில் அவள் என் தங்கையின் சாயல். தங்கைக்கும் எனக்கும் மூக்கும் நாடியும் ஒன்று. இவ்வளவையும் விளக்கியிருக்கலாம், அதற்குக் போதுமான சிங்களம் என்னிடம் இருந்தது. நான் "ஸ்தூதி" என்று நன்றி மட்டும் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் மூக்கைப் பார்த்தேன்.

ஞாயிறு பூங்கா முடிந்து, கால் முகம் கழுவியதும் லண்டனிலிருந்து வீடியோ அழைப்பு வரும். அங்கே அப்போது மத்தியானம். தங்கை பெரும்பாலும் வேலை உடுப்போடு, தலை வாரி இழுக்காமல் இருப்பாள். "பார்க்கில என்ன செய்தனீங்கள் செல்லம்?" என்று கேட்பாள். சின்னவள் பதில் சொல்லும் முன், தொலைபேசிக்குப் பின்னால் இருக்கும் என்னைப் பார்ப்பாள். எதைச் சொல்லலாம் என்று கேட்கும் பார்வை. நான் லேசாகத் தலையாட்டுவேன். "ஊஞ்சல் ஆடினனான்" என்பாள். "பிறகு?" மறுபடியும் அந்தப் பார்வை. "சறுக்குமரத்தில ஏறினனான்." தங்கைக்கு அந்தச் சின்னத் திரையில் என்ன தெரியும். "வெக்கப்படுறாள் என்ன" என்று சிரிப்பாள். நாளாக நாளாகப் பேச்சு சுருங்கிக்கொண்டு வந்தது. அம்மா என்ற சொல்லும் அந்த அழைப்புகளில் இல்லாமல் போயிற்று. போனை நீட்டினால் "ஹலோ" என்பாள், அவ்வளவுதான்.

என் கணவர் ஒரு நாள் கண்டுகொண்டார். இளையவன் சாப்பாட்டு மேசையில் வாய் தவறிச் சொல்லிவிட்டான். பிள்ளைகள் எழுந்துபோன பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "நீர் அந்தப் பிள்ளையைக் குழப்புறீர். ஒண்டில் எல்லா இடமும் கூப்பிட விடும், இல்லாட்டி ஒரு இடமும் வேண்டாம்."

"ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது மூண்டையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ. பிறகு எனக்குப் பாடம் எடுங்கோ" என்றேன். என் வாய்க்கு அஞ்சி எங்கள் வீட்டில் பல நல்ல யோசனைகள் பாதியில் நின்றிருக்கின்றன. அதில் இதுவும் ஒன்று.

சின்னவள் கிழமை நாட்களிலும் பூங்கா கேட்கத் தொடங்கினாள். காலையில் பல் விளக்கும்போது, "இண்டைக்குப் பார்க்குக்குப் போவமா?" பின்னேரம் நான் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கதவோரம் வந்து நின்று, "பார்க்?" மழை கொட்டிக்கொண்டிருக்கும் செவ்வாய்க்கிழமையிலும் கேட்டாள். "அங்க என்ன புதையலா இருக்கு? எந்த நேரமும் பார்க், பார்க்" என்று சினந்தேன். அவள் ஊஞ்சலுக்காக நச்சரிக்கிறாள் என்றே நினைத்தேன். எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வீட்டு முற்றத்தில் ஊஞ்சல் இருந்தது. கேட்டு அனுமதி வாங்கி அங்கே கூட்டிப்போனேன். இரண்டு தரம் ஆடிவிட்டு, வீட்டுக்குப் போவோம் என்றாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. அதைத்தான் நான் மறக்கமுடியாமல் இருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை. காலையில் டொக்டரிடம் காட்டி மருந்து எடுத்திருந்தேன். பின்னேரம் நான்கு மணிக்கு மறுபடி நூற்று மூன்று. பெடியள் பள்ளிக்கூடத்தால் வந்து முன்னறையில் இருந்தார்கள். நான் ஈரத்துணியை நனைத்து நனைத்து அவள் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தேன். கண் திறந்தாள்.

"பெரியம்மா."

"என்ன குஞ்சு?"

"இஞ்ச பார்க் எண்டு விளையாடுவமா?"

"காய்ச்சலோட என்ன விளையாட்டு? பேசாமல் படுங்கோ."

"ஓடுற விளையாட்டு இல்லை" என்றாள். "சும்மா இப்பிடியே படுத்துக்கொண்டு. இந்தக் கட்டில் பார்க்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நாளும் அவள் கேட்டது ஊஞ்சலையும் இல்லை, மரத்தையும் இல்லை. கூப்பிட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் பூங்காவுக்குள்தான் இருக்கிறாள். உடம்பு இப்படிக் கொதிக்கும்போதும், கூப்பிடுவதற்கு முதலில் அனுமதி கேட்கிறாள்.

ஓம் என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியில் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்று தங்கைக்கு மத்தியானமே செய்தி போட்டிருந்தேன். இடைவேளையில் கோல் எடுக்கிறேன் என்று பதில் வந்திருந்தது. எந்த நேரமும் எடுப்பாள். பிள்ளை காய்ச்சல் மயக்கத்தில், தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்து அம்மா என்றுவிட்டால்? நான் என்ன சொல்லிச் சமாளிப்பேன்?

"பார்க்குக்குப் போகேக்க பாப்பம்" என்றேன். "இப்ப லண்டனில இருந்து அம்மா எடுக்கப்போறா."

"சரி பெரியம்மா" என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியிருப்பேன், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அழைப்பு வந்தபோது, "நித்திரை கொள்ளுறாள்" என்றேன். அவள் நித்திரை கொள்ளவில்லை. கண் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பிடித்த இடத்தில், பிடித்த நேரத்தில், யாரோ பார்த்து மெச்சும்போது அம்மாவாக இருந்தேன். அவளுக்குத் தேவைப்பட்ட ஒரே நாளில் பெரியம்மா ஆகிவிட்டேன். இதை எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் இப்படித்தான் வருகிறது.

தங்கை மகளைக் கூட்டிப்போக மூன்று கிழமை லீவில் வந்தாள். விமான நிலையத்தில் சின்னவள் அவளிடம் போனாள், கையைக் கொடுத்தாள், முத்தமும் கொடுத்தாள். ஆனால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதும் வேண்டுமென்றால் கிட்டப்போய் நிற்பாள், இல்லாவிட்டால் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "பழகட்டும் அக்கா. எத்தனை மாசம். என்னில கோவம் இருக்கும்தானே" என்று தங்கை எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

போவதற்கு முந்திய ஞாயிறு, தங்கை பார்க்கைப் பார்க்கவேண்டும் என்றாள். வீடியோவில் கேட்டுக் கேட்டு, கண்ணால் பார்க்க ஆசையாம். எல்லாரும் போனோம். வாசலுக்கு வெளியே தங்கை கடலைக்காரரிடம் நின்றாள். சின்னவள் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். குனிந்தேன். காதுக்குள் கேட்டாள்.

"இண்டைக்கு உள்ளுக்கு ஆர் அம்மா?"

தங்கை கடலைச் சுருளோடு திரும்பிக்கொண்டிருந்தாள். "அவ" என்றேன் அவசரமாக. "இண்டைக்கு அவ." எப்போதும் அவதான், உள்ளுக்கும் வெளியேயும் அவதான் என்று சொல்லியிருக்கலாம். முழந்தாளிட்டு, நிதானமாக, இனிமேல் அந்தச் சட்டம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது தங்கையின் காதில் விழுந்திருக்கும். சின்னவள் தலையாட்டினாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். சறுக்குமரத்தின் அடியில் கால் இடறி விழுந்தாள். முழங்காலில் இரத்தம். நாங்கள் இரண்டு பேரும் வாங்கிலிருந்து எழுந்தோம். அவள் மணலில் இருந்தபடி முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். பிறகு, பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் குரலில், "அம்மா" என்றாள், தங்கையைப் பார்த்து. சொல்லிவிட்டு, சரியா என்பதுபோல மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

தங்கை ஓடிப்போய் வாரி எடுத்தாள். பிள்ளையின் கண்ணில் நீரில்லை, இவள் கண்ணால் ஓடியது. "கூப்பிட்டிட்டாள் அக்கா, கேட்டனீங்களே?" என்றாள். இரத்தம் அவள் வெள்ளைச் சட்டையில் பட்டது. "பாருங்கோ, விழுந்தும் அழேல்லை. எவ்வளவு நல்லா வளர்த்திருக்கிறீங்கள்." நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முழங்காலைக் கழுவினேன்.

அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அம்மா, அம்மா என்று தங்கையின் பின்னால் திரிந்தாள். தங்கைக்கு நிலத்தில் கால் படவில்லை. வெளியே வரும்போது இளையவன் பழக்கத்தில், "கேற் தாண்டிட்டம்" என்றான். மூத்தவன் அவன் காலை மிதித்தான். "அதென்ன?" என்று கேட்டாள் தங்கை. "ஒண்டுமில்லை, அதுகளின்ர ஒரு விளையாட்டு" என்றேன். சின்னவள் வாயை மூடிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல். போன மாதம் ஒரு பின்னேரம் தங்கை வீடியோ அழைப்பு எடுத்தாள். சின்னவள் பள்ளிக்கூடத்தில். இளையவன் எனக்குப் பக்கத்தில் மேசையில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, ஒரு விசயம் கேக்கவேணும். வீட்டில அவள் என்னை ஒண்டும் சொல்லிக் கூப்பிடுறேல்லை. வந்து பக்கத்தில நிப்பாள், அவ்வளவுதான். ஆனா இஞ்ச கிட்ட ஒரு பார்க் இருக்கு, அங்க கூட்டிக்கொண்டு போனா அம்மா, அம்மா எண்டு வாய் ஓயாது. திரும்பி வரேக்க கேற்றடியில நிப்பாட்டிடுவாள். ரீச்சரிட்டயும் கேட்டுப் பாத்தன். உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

இளையவன் பென்சிலை வைத்தான். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்கும் அதே பார்வை. ஒரு பிள்ளைக்குத்தான் பழக்கினேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"தெரியும்" என்றேன் தங்கையிடம். "அது நான் போட்ட சட்டம்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஊஞ்சல் வரிசையில் கேட்ட கேள்வி, ஓட்டோ, ஹெவ்லொக் டவுன் சிக்னல், வேகநடை அம்மாவுக்கு நான் சொன்ன நன்றி, வாசலில் அவசரமாகச் சொன்ன "இண்டைக்கு அவ". காய்ச்சலையும் சொன்னேன். கட்டில்தான் பார்க் என்று அவள் சொன்னதையும், நான் மணிக்கூட்டைப் பார்த்ததையும். திரையில் தங்கையின் படம் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். இல்லை, இமை அசைந்தது.

"என்னில கோவமா?" என்று கேட்டேன்.

"உங்களை அம்மா எண்டு கூப்பிட்டதுக்கு நான் ஏன் கோவிக்கப்போறன்" என்றாள். "அதுக்காகத்தானே உங்களிட்ட விட்டிட்டுப் போனனான்." முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தக் காய்ச்சலண்டைக்காவது ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா?"